கொள்முதல் கிளார்க் வேலை: கோரிக்கை வந்ததிலிருந்து பணம் போகும்வரை

இரண்டு வருடம் கழித்து ஆடிட்டர் ஒரு பில்லை எடுத்து வைத்து, "இதற்கு ஏன் பணம் கொடுத்தீர்கள்?" என்று கேட்டால், அன்று நீங்கள் அந்த அலுவலகத்தில் இல்லாவிட்டாலும் ஃபைல் பதில் சொல்ல வேண்டும். யார் கேட்டார்கள், யார் அனுமதித்தார்கள், என்ன விலைக்கு ஒத்துக்கொண்டோம், எத்தனை வந்து சேர்ந்தது, எத்தனைக்குப் பணம் போனது என்ற ஐந்துக்கும் ஒவ்வொரு தாள் இருக்க வேண்டும். சரக்கு வாங்கும் கிளார்க், பில் பாஸ் பண்ணும் அக்கவுன்ட்ஸ் கிளார்க் இருவரின் வேலையும் இந்தத் தாள்களைச் சேர்ப்பதும், ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும்தான். பொருளின் பயணத்தை ஒட்டியே படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் வாரத்தில் கேட்டு வாங்க வேண்டியவை

வேலைக்குச் சேர்ந்ததும் நான்கு பட்டியல்கள் கையில் இருக்க வேண்டும். எவ்வளவு தொகைவரை யார் அனுமதிக்கலாம் என்ற அதிகார வரம்புப் பட்டியல். அங்கீகரிக்கப்பட்ட சப்ளையர்களின் பட்டியல். ஆர்டர் போட்டு இன்னும் சரக்கு முழுதாக வராத பிஓ-க்களின் (பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது சப்ளையருக்கு நாம் அனுப்பும் கொள்முதல் ஆணை) பட்டியல். மாதக் கணக்கு எந்தத் தேதியில் மூடப்படும், பேமென்ட் வாரத்தில் எந்த நாளில் போகும் என்ற காலண்டர். இவற்றில் அதிகார வரம்புப் பட்டியல் எழுத்தில் இல்லாத இடங்கள் உண்டு. "மேனேஜர் சரி என்றால் போதும்" என்பார்கள். அப்படியானால் நீங்களே ஒரு பக்கத்தில் எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை வரும் நாளில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த ஒரு பக்கம்.

கோரிக்கைப் படிவம்

"பேனா 50 வேண்டும்" என்று வரும் கோரிக்கையை அப்படியே ஏற்காதீர்கள். என்ன மை, என்ன முனை, எந்த அளவு, எந்தத் தேதிக்குள், எந்தத் துறையின் பட்ஜெட் தலைப்பில் என்று கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். இங்கே ஐந்து நிமிடம் செலவிட்டால் பின்னால் தவறான சரக்கைத் திருப்பி அனுப்பும் ஐந்து நாள் மிச்சம். அலகையும் இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். கோரிக்கையில் எண்ணிக்கை, பிஓ-வில் பெட்டி, பில்லில் டஜன் என்று மூன்றுவிதமாக இருந்தால் எந்தக் கம்ப்யூட்டரும் பொருத்திப் பார்க்காது. பெட்டிக்கணக்கில்தான் வாங்க முடியும் என்றால், "1 பெட்டி = 12 எண்ணம்" என்பதைப் பொருள் விவரத்திலேயே எழுதிவிடுங்கள்.

கோரிக்கை வரும் கட்டத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பிரித்து வாங்குவது. மேனேஜரின் வரம்பு 50,000 என்றால், ஒரே துறையிலிருந்து ஒரே வாரத்தில் ஒரே சப்ளையருக்கு 30,000, 28,000 என்று இரண்டு கோரிக்கைகள் வரும். சில சமயம் உண்மையிலேயே தனித்தனித் தேவையாக இருக்கும். ஆனால் முடிவு செய்வது உங்கள் வேலையல்ல. இரண்டையும் ஒன்றாகப் பின் செய்து, மொத்தம் 58,000 என்று மேலே எழுதி, அந்தத் தொகையை அனுமதிக்க அதிகாரம் உள்ளவரிடம் வைத்துவிடுங்கள்.

கொட்டேஷன்களை ஒப்பிடுவது

மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒற்றை விலை குறைவாக உள்ளதைத் தேர்ந்தெடுப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. 100 நாற்காலி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் சப்ளையர் ஒன்றுக்கு 480 சொல்கிறார்; வண்டி வாடகை 6,000 தனி, முழுப்பணமும் முன்கூட்டியே. இரண்டாமவர் 525, இடத்தில் கொண்டுவந்து இறக்கி, 30 நாள் கழித்துப் பணம். மூன்றாமவர் 500, இறக்கித் தருவார், ஆனால் குறைந்தது 150 எடுக்க வேண்டும்.

முதலாவதில் 48,000-உடன் 6,000 சேர்த்தால் ஒன்றுக்கு 540 ஆகிறது. இரண்டாவது 525-தான். மூன்றாவதில் 75,000 வெளியே போகிறது. மீதி 50 நாற்காலிக்கு இடமும் தேவையும் இருந்தால் மட்டுமே அது மலிவு. அதோடு, நிறுவனம் ஆண்டுக்கு 12% வட்டிக்குக் கடன் வாங்கி நடக்கிறது என்றால் 30 நாள் தவணை என்பது சுமார் 1% தள்ளுபடிக்குச் சமம். ஒப்பீட்டுத் தாளில் ஒற்றை விலை, வாடகை, வரி, குறைந்தபட்ச அளவு, டெலிவரி நாள், பணத் தவணை, கொட்டேஷன் எத்தனை நாள் செல்லும் என்று ஏழு பத்திகள் போடுங்கள். குறைந்த விலையை விட்டு வேறொன்றை எடுத்தால், காரணத்தை ஒரே வரியில் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் காரணம் மறந்துபோகும், சந்தேகம் மட்டும் நிற்கும்.

வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது விலைக்குப் பக்கத்தில் எஃப்ஓபி, சிஐஎஃப், டிடிபி என்று மூன்றெழுத்துச் சொல் ஒன்று வரும். செலவும் சேத அபாயமும் எந்த இடத்தில் விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு மாறும் என்று அது சொல்லும். இன்கோடெர்ம்ஸ் 2020 என்ற சர்வதேச வணிக விதிகளில் இப்படிப் பதினொன்று இருக்கின்றன. அதிகம் பேர் ஏமாறுவது சிஐஎஃப்-இல்தான். கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் விற்பவர் கட்டுகிறார் என்பதால், நம் துறைமுகம் வரும்வரை சரக்கு அவர் பொறுப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில், ஏற்றும் துறைமுகத்தில் கப்பலில் ஏறியதுமே சேத அபாயம் வாங்குபவர் தலைக்கு வந்துவிடுகிறது. கடலில் நனைந்தால் இன்சூரன்ஸில் கேட்க வேண்டியது நாம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் துறைமுகம் அல்லது இடத்தின் பெயரும், விதியின் ஆண்டும் எழுதப்படாவிட்டால் அந்தக் கொட்டேஷன் முழுமையானதல்ல.

பர்ச்சேஸ் ஆர்டர்

பிஓ என்பது ஒப்பந்தம். சப்ளையர் அதை ஏற்றுக்கொண்டதும் இருவரும் கட்டுப்பட்டவர்கள். எண், தேதி, பொருள் விவரம், அலகு, அளவு, விலை, வரி, டெலிவரி இடமும் தேதியும், பணத் தவணை இவையெல்லாம் எல்லோரும் போடுவார்கள். விட்டுப்போவது தவணை எந்த நாளிலிருந்து எண்ணப்படும் என்பது. "30 நாள்" என்று மட்டும் இருந்தால் சப்ளையர் பில் தேதியிலிருந்து எண்ணுவார், நாம் சரக்கு வந்த தேதியிலிருந்து எண்ணுவோம், இருவரும் சரிதான். "பில் கிடைத்த தேதி, சரக்கு ஏற்கப்பட்ட தேதி, இதில் பிந்தியதிலிருந்து 30 நாள்" என்று எழுதினால் சண்டை இல்லை.

விலையோ அளவோ மாறினால் பழைய பிஓ-வைத் திருத்தி அதே எண்ணில் சேமிக்காதீர்கள். திருத்தம் 1, திருத்தம் 2 என்று எண் கொடுத்து, மறுபடி அனுமதி வாங்கி அனுப்புங்கள். சரக்கும் பில்லும் வந்த பிறகு அவசரமாகப் போடும் பிஓ-வும் அடிக்கடி நடக்கிறது. அப்படிப் போட நேர்ந்தால் முன்தேதி இடாதீர்கள். உண்மையான தேதியைப் போட்டு, "சரக்கு வந்தபின் எழுப்பப்பட்டது" என்று குறிப்பெழுதி, காரணத்துடன் அனுமதி கேளுங்கள். தாமதம் மன்னிக்கப்படும், முன்தேதி இட்டது பொய்யாவணம்.

சரக்கு வரவு

ஸ்டோர்ஸில் இறக்கியதும் சலானில் கையெழுத்துக் கேட்பார் டிரைவர். எண்ணிப் பார்த்து, உடைசல் பார்த்து, பிறகு கையெழுத்து. எண்ண நேரமில்லையென்றால் "பெட்டிகள் 8 பெறப்பட்டன, உள்ளே எண்ணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். வெறும் கையெழுத்து என்றால் முழுச்சரக்கும் நல்ல நிலையில் வந்ததாகத்தான் பொருள் கொள்வார்கள்.

ஜிஆர்என் எனப்படும் சரக்கு வரவுக் குறிப்பில் வந்தது எத்தனை, ஏற்றது எத்தனை, நிராகரித்தது எத்தனை என்று மூன்று எண்கள் வேண்டும். ஆர்டர் போட்டவரே வரவையும் பதியக் கூடாது. பதிந்தால், வராத சரக்குக்கு வரவு போட ஒரே ஒருவர் போதும் என்றாகிவிடும். ஆள் குறைந்த அலுவலகத்தில் வேறு துறையிலிருந்து ஒருவரை எண்ண மட்டுமாவது அழைத்து, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

பில் பொருத்தம்

பிஓ, ஜிஆர்என், பில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு மூன்றுவழிப் பொருத்தம் என்று பெயர். இந்த வேலையின் உயிர்நாடி இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பில் வந்ததும் முதலில் வந்த தேதி முத்திரை. அடுத்து, பில் நம் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறதா, சப்ளையரின் பெயரும் வரி எண்ணும் நம் பதிவோடு ஒத்துப்போகிறதா, பிஓ எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிஓ எண் இல்லாத பில்லைத் திருப்பி அனுப்புவதை வழக்கமாக்கினால் இரண்டு மாதத்தில் எல்லா சப்ளையரும் பழகிவிடுவார்கள். பிறகுதான் பில்லில் உள்ள ஒவ்வொரு பொருளும்: விலையைப் பிஓ-வோடும், அளவை ஜிஆர்என்-ஓடும் ஒப்பிட வேண்டும். அளவைப் பிஓ-வோடு ஒப்பிட்டு டிக் அடிப்பதுதான் வராத சரக்குக்குப் பணம் போகும் வழி.

நாற்காலிக்கே திரும்புவோம். பிஓ-வில் 100, ஒன்றுக்கு 525. வந்தது 100, கால் உடைந்து நிராகரித்தது 4, ஏற்றது 96. பில் 52,500-க்கு வருகிறது. தர வேண்டியது 50,400. பில்லில் பேனாவால் அடித்து எழுதாதீர்கள். அது சப்ளையரின் ஆவணம். அவரிடம் 2,100-க்கு கிரெடிட் நோட் (பில் தொகையில் அவ்வளவைக் குறைத்து அவர் தரும் தாள்) கேளுங்கள், அல்லது நாமே டெபிட் நோட் (அவ்வளவைக் கழிக்கிறோம் என்று நாம் தெரிவிக்கும் தாள்) எழுதி அனுப்பி, 50,400 மட்டும் கொடுங்கள். மாற்று நாற்காலி நான்கும் வரப்போகிறதா, இல்லை ஆர்டர் 96-ஓடு முடிந்ததா என்பதைக் கேட்டு பிஓ-வை அதற்கேற்பத் திறந்தோ மூடியோ வையுங்கள். மூடாமல் விட்ட பிஓ-வில் மிச்சமிருக்கும் அந்த நான்கின்மேல் ஆறு மாதம் கழித்து வேறு பில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சிறு வித்தியாசங்களுக்கு நிறுவனம் ஒரு சகிப்பு எல்லை வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் வரி கணக்கிடும் முறையாலேயே சில்லறை மாறும். பில்லில் 33.35 மதிப்புள்ள மூன்று பொருள்களுக்கு 5% வரியைத் தனித்தனியே கணக்கிட்டு முழுமையாக்கினால் 1.67 வீதம் 5.01. மொத்தம் 100.05-க்குப் போட்டால் 5.00. இதற்காக பில்லை நிறுத்தக் கூடாது. ஆனால் எல்லையை சதவீதத்தில் மட்டும் வைத்தால் பெரிய பில்லில் பெரிய தொகை நழுவும். "1% அல்லது 200, எது குறைவோ அது" என்பதுபோல இரட்டை எல்லை நல்லது.

இரட்டைப் பேமென்ட் ஏன் நடக்கிறது

ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மோசடியல்ல, டைப்பிங். பில் மெயிலில் ஒருமுறை, தபாலில் ஒருமுறை வரும். ஒருவர் எண்ணை "2025/0417" என்று பதிவார், இன்னொருவர் "417" என்று பதிவார். கணினிக்கு இவை இரண்டு வேறு பில்கள். எனவே பில் எண்ணை எப்படிப் பதிய வேண்டும் என்று ஒரே விதி வேண்டும்: அச்சில் உள்ளபடி, முன்னால் உள்ள பூஜ்யங்களோடு, இடைவெளி மட்டும் இல்லாமல். ஒரே சப்ளையருக்கு இரண்டு கணக்குக் குறியீடுகள் திறந்திருந்தாலும் இதே நடக்கும். பேமென்டுக்கு முன் ஒரே தொகை, ஒரே பில் தேதி என்று வடிகட்டிப் பார்த்தால் இரண்டும் அகப்படும்.

புரொஃபார்மாவும் இப்படித்தான். அது பில் அல்ல. அட்வான்ஸ் கேட்பதற்கான முன்வரைவு. அதன்மேல் 30% அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பிறகு வந்த இறுதி பில்லுக்கு முழுத்தொகையும் கொடுத்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அட்வான்ஸ் கொடுத்த அன்றே பிஓ-வின் முதல் பக்கத்தில் தொகையையும் தேதியையும் குறித்துவையுங்கள். பில் பொருத்தும்போது கண் தானாக அங்கே போகும்.

எக்ஸெலில் வேலை செய்பவர்கள் இதையும் மனத்தில் வையுங்கள். எக்ஸெல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். 16-வது இலக்கத்திலிருந்து பூஜ்யமாக்கிவிடும். முன்னால் உள்ள பூஜ்யங்களையும் உதிர்க்கும். நீளமான வங்கிக் கணக்கு எண்களை ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

வங்கி விவரம் மாறியதாக மெயில் வந்தால்

"எங்கள் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இனி இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்." பழகிய சப்ளையரின் பெயரில், அவருடைய லெட்டர்பேடில், பெரிய பில் கட்டும் வாரத்தில் இப்படி ஒரு மெயில் வரும். மெயில் முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். சில சமயம் அதுகூட மாறியிருக்காது. சப்ளையரின் மெயில் பெட்டியே திருடப்பட்டிருக்கும். போன பணம் திரும்புவது அபூர்வம்.

அந்த மெயிலுக்குப் பதில் அனுப்பிச் சரிபார்க்காதீர்கள். அதில் உள்ள போன் எண்ணுக்கும் பேசாதீர்கள். பழைய பிஓ-விலோ உங்கள் சப்ளையர் பதிவிலோ முன்பே இருக்கும் எண்ணுக்குப் பேசி, நீங்கள் அறிந்த ஒருவரிடம் உறுதி செய்யுங்கள். பேசியவர் பெயர், தேதி, நேரம் எழுதிவையுங்கள். பதிவை மாற்றுவது ஒருவர், அனுமதிப்பது இன்னொருவர் என்று இருக்கட்டும். முதலில் சிறு தொகை அனுப்பிப் பார்ப்பதானால், அது வந்ததா என்பதையும் அதே பழைய எண்ணில்தான் கேட்க வேண்டும். கணக்கு எண் சரிபார்ப்பில் தேறியது என்பதும் ஆறுதல் தராது. ஐபேன் எனப்படும் சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணில் 3, 4-வது இடங்களில் உள்ள இரு இலக்கங்கள் 97-ஆல் வகுத்துப் பார்க்கும் கணக்குக்கானவை. எண் தவறில்லாமல் டைப் ஆனது என்று அது சொல்லும். கணக்கு யாருடையது என்று சொல்லாது. "உடனே அனுப்பாவிட்டால் சரக்கு நிற்கும்" என்று மேலிடத்திலிருந்தே அவசரப்படுத்தினாலும் இந்தப் போன் அழைப்பைத் தவிர்க்காதீர்கள்.

பேமென்ட் நாள்

தவணை முடியும் பில்களைப் பட்டியலிட்டு, எத்தனை பில், மொத்தம் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். வங்கியில் ஏற்றியபின் திரையில் தெரியும் எண்ணிக்கையும் மொத்தமும் அதேதானா என்று பார்த்த பிறகே அனுமதிப்பவருக்கு அனுப்ப வேண்டும். பட்டியலைத் தயாரித்தவர் அனுமதிக்கக் கூடாது.

"2/10, நெட் 30" என்று பில்லில் இருந்தால், 10 நாளுக்குள் கட்டினால் 2% தள்ளுபடி, இல்லாவிட்டால் 30 நாளில் முழுத்தொகை என்று பொருள். 2% சின்னதாகத் தெரியும். 20 நாள் கூடுதல் அவகாசத்துக்காக அதை விடுவது ஆண்டு வட்டிக்கணக்கில் சுமார் 37% ஆகிறது. கையில் பணம் இருக்கும் நிறுவனம் இதை விடவே கூடாது. ஆகவே இப்படிப்பட்ட பில்களைத் தனி ட்ரேயில் போட்டு முதலில் பொருத்துங்கள்.

மாத இறுதி

சரக்கு 28-ஆம் தேதி வந்து, பில் அடுத்த மாதம் 5-ஆம் தேதி வந்தால், செலவு சரக்கு வந்த மாதத்துக்கு உரியது. ஜிஆர்என் உண்டு, பில் இல்லை என்ற பட்டியலை எடுத்து, பிஓ விலைப்படி அந்த மாதத்தில் செலுத்த வேண்டிய தொகையாகப் பதிந்து, அடுத்த மாதம் 1-ஆம் தேதி எதிர்ப்பதிவு போட்டு நீக்கிவிடுங்கள். நீக்க மறந்தால் பில் வரும்போது செலவு இரண்டு முறை ஏறிவிடும்.

பெரிய சப்ளையர்களிடம் மாதாமாதம் ஸ்டேட்மென்ட் வாங்கி நம் பேரேட்டோடு ஒப்பிடுங்கள். அவர் கணக்கில் 1,84,000, நம் கணக்கில் 1,36,500 என்றால் வித்தியாசம் 47,500. நமக்கு வராத பில் 30,000. நாம் 31-ஆம் தேதி அனுப்பி அவர் இன்னும் பதியாத பணம் 15,000. அவர் ஏற்காத நம் டெபிட் நோட் 2,500. கூட்டினால் சரியாகிறது. இப்படி ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்ல முடியாத மிச்சம் எதுவும் இருக்கக் கூடாது. ஸ்டேட்மென்டைப் பார்த்துப் பணம் கொடுக்கவும் கூடாது, பில்லைப் பார்த்துத்தான்.

கூட்டல் ஒத்துவராதபோது வித்தியாசத்தையே முதலில் உற்றுப் பாருங்கள். 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு: 5,490-ஐ 5,940 என்று எழுதினால் 450. ஒரு பூஜ்யம் விட்டுப்போனாலும் அப்படித்தான்: 1,200-ஐ 120 என்று எழுதினால் 1,080. பற்றுப் பக்கம் போக வேண்டியது வரவுப் பக்கம் போயிருந்தால் வித்தியாசம் அந்தத் தொகையைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே வித்தியாசத்தில் பாதியைப் பேரேட்டில் தேடுங்கள்.

சில்லறைப் பணப்பெட்டி உங்களிடம் இருந்தால் ஒரே விதி: பெட்டியில் உள்ள பணமும் வவுச்சர்களும் சேர்ந்து எந்த நிமிடத்திலும் ஒதுக்கிய தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். ஒதுக்கீடு 5,000, வவுச்சர் 3,260 என்றால் பணம் 1,740. "நாளைக்குத் தருகிறேன்" என்ற துண்டுச்சீட்டு வவுச்சர் ஆகாது.

விடுப்பில் போகும்போது

ஃபைல் பெயரில் தேதியை 2025-03-04 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் வையுங்கள். தானாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்ற குழப்பமும் வராது. ஒரு பில்லின் ஃபைலில் கோரிக்கை, ஒப்பீட்டுத் தாள், பிஓ, ஜிஆர்என், பில், பேமென்ட் சான்று இந்த வரிசையில் இருக்கட்டும்.

உங்கள் இடத்தில் உட்காரப்போகிறவருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். எந்த பில் யாருடைய பதிலுக்காக நிற்கிறது, எந்த சப்ளையருக்கு அட்வான்ஸ் கழிக்க வேண்டியிருக்கிறது, எந்த பில்லின் தள்ளுபடி எந்தத் தேதியோடு முடிகிறது, யாருடைய வங்கி விவர மாற்றம் இன்னும் போனில் உறுதியாகவில்லை என்பவை அதில் வர வேண்டும். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதாதீர்கள். அவருக்கு அவர் பெயரிலேயே தனி லாகின் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.